குடியிருப்போர் எத்தனை பேர்

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

வெட்கத்தை விட்டு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை ஒரு வக்கீல் முன்னால் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பொய்யில் உன்னையும் சேர்த்துவிட்டேன். அதனால்தான் ஆறு வருஷம் கழித்து இந்தக் கடிதம். இல்லையென்றால் இன்னும் ஆறு வருஷம் ஆகியிருக்குமோ என்னவோ. போன் நம்பரை மாற்றிக்கொண்டவன் நீ. கம்பெனி விலாசத்தை உன்னால் மாற்ற முடியவில்லை, அகப்பட்டுக்கொண்டாய்.

நான் ஒரு வீடு வாங்குகிறேன். ஒரு நாற்காலி வாங்க நாலு கடை ஏறி இறங்கி வெறுங்கையோடு திரும்புகிறவள் வீடு வாங்குகிறாளாம் என்று நீ சிரிப்பாய். சிரி. மூன்றாம் மாடி. லிஃப்ட் உண்டு, ஆனால் அதற்கும் என்னைப்போல முழங்கால் வலி. இரண்டாம் மாடியில் நின்று கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் மேலே வரும். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, அப்புறம் ஒரு சின்ன அறை. விற்கிற அம்மாள் அதில் தையல் மிஷின் வைத்திருக்கிறார். கட்டில் போட்டால் கதவு முக்கால்வாசிதான் திறக்கும். ஒல்லியான ஆள் நுழையலாம். நீ இன்னும் ஒல்லிதானே.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தேழு வருஷமாக நான் மடித்த போர்வைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்தக் கட்டடத்தைவிட உயரமாக நிற்கும். அதில் சேர்ந்தது பாதி, வங்கிக் கடன் பாதி. இப்போது இருக்கிற வாடகை அறை உனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர், உன் மாமா, காலமான பிறகு வந்து சேர்ந்த அதே அறைதான். அடுப்பும் கட்டிலும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். அக்கா தம்பி மாதிரி என்று எழுதத்தான் போனேன், கை வரவில்லை.

வீடு வாங்க வக்கீல் வேண்டும் என்று எனக்குத் தரகர்தான் சொன்னார். சொன்ன கையோடு ஆளையும் காட்டிவிட்டார். தரகர் ஆபீசில் ஒரு பலகைத் தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் வக்கீல். இரண்டு பேருக்கும் ஒரே ஃபேன்.

"நீங்க விக்கிறவங்க பக்கமா, என் பக்கமா?" என்று கேட்டேன்.

"நான் எல்லார் பக்கமும்தாம்மா" என்றார்.

மாப்பிள்ளை எப்படி என்று மாப்பிள்ளையின் அப்பாவிடமே போய் விசாரிப்பது மாதிரி இருந்தது. ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு எங்கள் சூப்பர்வைசர் ஒரு வக்கீல் அம்மாளின் விலாசம் தந்தார். மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். மேஜையில் ஒரு அடிக்கோல் வைத்திருக்கிறாள். பத்திரத்தில் ஒவ்வொரு வரிக்கும் கீழே அந்த அடிக்கோலை வைத்துச் சத்தமாக வாசிப்பாள். வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள்.

"புரிஞ்சுதான்னு கேக்க மாட்டேன். எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்லுவாங்க. என்ன புரிஞ்சுதுன்னு உங்க வாயால சொல்லுங்க."

ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்கு அப்புறம் என்னை இப்படி யாரும் உட்கார வைத்ததில்லை. அவராவது தெரியாதவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிடுவார், காற்றாவது வரும். இவள் விடுவதில்லை. விற்கிறவர்தான் உண்மையான சொந்தக்காரரா, வீட்டின் மேல் வேறு கடன் இருக்கிறதா, எல்லாவற்றையும் துருவி எடுத்துவிட்டாள். நானும் திக்கித் திணறிப் பதில் சொல்லி, எப்படியோ பாஸாகிக்கொண்டே வந்தேன்.

அப்போதுதான் வங்கிப் படிவத்தை எடுத்தாள். அதில் ஒரு கட்டம். குடியிருப்போர் எத்தனை பேர் என்று.

"நீங்க மட்டும்தானே?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், பேனா மூடியைத் தேடிக்கொண்டே. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"இல்ல, என் தம்பியும்" என்றேன்.

எழுதிக்கொண்டாள். வயது கேட்டாள், நாற்பத்தேழு என்றேன். வேலை கேட்டாள், சிமெண்ட் ஆலையில் லாரிகளுக்கு எடை போடுகிறான் என்றேன். "அவ்வளவு தூரத்துலேருந்து மாத்திட்டு வராரா?" என்றாள். "வந்துகிட்டே இருக்கான்" என்றேன்.

அதில்தான் மாட்டிக்கொண்டேன். வீட்டில் பெரியவர்கள் வேறு யார் குடியிருந்தாலும் வங்கிக்கு அவர்கள் கையெழுத்து வேண்டுமாம். நாளைக்கு நான் கடன் கட்டாமல் போய் வங்கி வீட்டை எடுக்க வந்தால், "நானும் இங்கேதான் இருக்கிறேன், எனக்கும் பாத்தியதை உண்டு" என்று அவர்கள் உட்கார்ந்துகொள்ளக் கூடாதாம். அந்தப் பத்திரம்தான் இதனுடன் இருக்கிறது. நீ உனக்கென்று தனியாக ஒரு வக்கீலைப் பார்த்து, அவர் விளக்கிச் சொல்ல, அவர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். என் வக்கீல் உனக்கு யோசனை சொல்லக் கூடாதாம். இவள் எல்லார் பக்கமும் கிடையாது.

ஏப்ரல் பன்னிரண்டுக்குள் பத்திரம் போய்ச் சேராவிட்டால் வங்கி கடனை நிறுத்திவிடும். விற்கிறவர்களுக்கு வேறு ஆள் தயாராக இருக்கிறது. வீடு போய்விடும்.

நீ வர வேண்டாம். கையெழுத்து வந்தால் போதும். லாரி எடைச் சீட்டில் ஒரு நாளைக்கு நூறு போடுகிற கை, நூற்றொன்று போட்டால் தேய்ந்துவிடாது.

அக்கா

* * *

மார்ச் 15

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எடைமேடைக் கூண்டில் வைத்துப் படித்தேன். மேடையில் ஏறிய லாரி இறங்காமல் நின்றது, பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

பத்திரத்தையும் படித்தேன். "மேற்படி வீட்டில் எனக்கு எந்த உரிமையும் இல்லை, இனியும் கோர மாட்டேன்." ஆறு வருஷம் கழித்து நீ எனக்கு அனுப்பியிருக்கும் செய்தி இது. அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. பார்க்காத வீட்டில் எனக்குப் பாத்தியதை இல்லை என்று நான் எழுதித் தர வேண்டும். அதற்கு வக்கீல் வேறு வைக்க வேண்டும்.

நீ மறந்திருப்பாய். பேசுகிறவர்களுக்கு மறந்துவிடும். நாற்பத்தொரு வயதில் எனக்கென்று வந்த ஒரே கல்யாணப் பேச்சு அது. அந்த டீச்சரும் அவர் அண்ணனும் உன் அறைக்கு வந்து, இருந்த இரண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிகிற நேரம். நீ தண்ணீர் கொண்டுவந்து வைத்தாய். வைத்துவிட்டுச் சொன்னாய்: "என் தம்பி எந்த வேலையிலயும் ஒரு வருஷம் தாண்டினதில்ல. கல்யாணமாவது தாண்டுதான்னு பாப்போம்." நீதான் சிரித்தாய். நீ மட்டும்தான் சிரித்தாய். அவர்கள் தண்ணீரைத் தொடாமலே எழுந்து போனார்கள்.

இந்த வேலையில் ஆறு வருஷம் தாண்டிவிட்டேன். உன் தகவலுக்காக.

வக்கீலிடம் உண்மையைச் சொல்லி என் பெயரை அடித்துவிடு. ஒரு நிமிஷ வேலை. அதற்கு நான் எதற்கு.

தம்பி

* * *

மார்ச் 23

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு நிமிஷ வேலைதான். உன் கடிதம் வந்த மறுநாளே வேலை முடிந்து சலவை வாடையோடு அப்படியே போய், வக்கீல் அம்மாளிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. வாயில் வைத்திருந்த பேனாவை எடுத்துவிட்டு, "உங்க தம்பி வரதாவே இல்லையா?" என்றாள்.

"வருவானான்னு அவனுக்கே தெரியாதும்மா" என்றேன்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினாள். "உங்க கையால எழுதணும். 'இந்த வீட்டில் நான் ஒருத்தி மட்டும் குடியிருப்பேன்.' அவ்வளவுதான். கீழ கையெழுத்து."

எனக்கு எழுத வராது என்று நினைக்காதே. எழுத்துக் கூட்டி எழுதிவிடுவேன். "இந்த வீட்டில்" வரைக்கும் எழுதினேன். பேனா சரியில்லை என்றேன், வேறு பேனா தந்தாள். வெளிச்சம் போதவில்லை என்றேன், விளக்கைப் போட்டாள். கடைசியில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித் தாளை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். தாள் இப்போது என் கைப்பையில் இருக்கிறது. "ஏப்ரல் பன்னிரண்டு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் காத்திருப்பேன்" என்று சொல்லி அனுப்பினாள். "அதுக்கு மேல என் கையில இல்ல. இந்தத் தாள் வரணும், இல்ல உங்க தம்பி பத்திரம் வரணும். ரெண்டுல ஒண்ணு."

இப்போது ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். எங்கள் சலவைக்கூடத்தில் எட்டு மணிநேரமும் மிஷின் இரைச்சல். அதற்கு மேலே பேசிப்பேசி எனக்குத் தொண்டை இப்படிப் பெரிதாகிவிட்டது. அறைக்கு வந்தால் அந்தத் தொண்டைக்கு வேலையில்லை. போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குப் போய், வாசலில் நின்ற காவலாளியைக் கிண்டல் பண்ண வாயைத் திறந்தேன், சத்தமே வரவில்லை. தொண்டை கட்டிப்போயிருக்கிறது. எப்போது கட்டியது என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து நான் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. காவலாளி, "அப்பாடா, இன்னிக்கு நிம்மதி" என்றார். நானும் சிரித்தேன், சத்தமில்லாமல்.

அதற்கு அடுத்த வாரம்தான் வக்கீல் அந்தக் கட்டத்தைக் காட்டிக் கேட்டாள்.

நான் எதையும் மறக்கவில்லை. டீச்சர் கட்டியிருந்த சேலையின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. நல்ல பெண். அதுதான் பயமாகிவிட்டது. நீ இவளோடு போய்விடுவாய், இந்த அறையில் இனி நானும் அடுப்பும்தான் என்று, தண்ணீர் ஊற்றும்போதே தோன்றிவிட்டது. பயந்தால் எல்லாருக்கும் அழுகை வரும். எனக்கு நக்கல் வரும். பிறவிக் கோளாறு. அந்தக் கோளாறில் நீ போயே போய்விட்டாய், கல்யாணமும் இல்லாமல்.

அதைச் சொன்னது தப்பு. இதை ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். நாலு தடவை எழுதினேன். நாலிலும் இரண்டாவது வரியில் உன்னைக் கிண்டல் பண்ணியிருந்தேன். கிழித்துப் போட்டேன்.

உன் இஷ்டம்போல் செய். பன்னிரண்டாம் தேதி வரைக்கும் தாளை எழுத மாட்டேன்.

அக்கா

* * *

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. லீவு நேற்றுத்தான் கொடுத்தார்கள். டவுனுக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்தேன். டயர் கடைக்குப் பக்கத்தில் ஆபீஸ், வயதானவர், காதில் மிஷின் வைத்திருக்கிறார். நான் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. நம் குடும்ப விஷயம் டயர் கடை முழுக்கத் தெரிந்துவிட்டது.

பத்திரத்தைப் படித்துவிட்டு, "இந்த வீட்ல நீங்க இருக்கப் போறீங்களா?" என்றார்.

"கையெழுத்து போடணும் சார்" என்றேன்.

"அது அப்புறம். இருக்கப் போறீங்களா?"

"அக்கா அப்படி எழுதிக் குடுத்திருக்காங்க."

"அக்கா எழுதினது இருக்கட்டும். உங்க பெட்டி, துணிமணி எங்க இருக்கும்?"

"இப்ப குவார்ட்டர்ஸ்ல இருக்கு."

"அப்ப எதுக்கு இந்தப் பத்திரம்? இது அங்க குடியிருக்கிறவங்க போடறது. நான் இருக்கப் போறதில்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. உங்க அக்காவுக்கும் கடன் கிடைக்கும், உங்களுக்கும் தொல்லை விட்டுது."

அவரும் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். எல்லா வக்கீல்களும் அதற்கென்றே ஒரு கட்டு வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. தேதி எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. வெளியே போய் டயர் கடை முன்னால் நின்றேன். ஒருவர் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைத் தேடினார். அவர் கண்டுபிடிக்கிற வரைக்கும் நின்றுவிட்டு உள்ளே போனேன்.

"இருக்கப் போறேன் சார்" என்றேன்.

"எப்பலேருந்து?"

"ஜூன்ல கான்ட்ராக்ட் முடியுது."

"நிச்சயமா?"

"அதுவும் அந்தப் பத்திரத்துல கேட்டிருக்கா சார்?"

காதில் இருந்த மிஷினைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். "உங்க அக்காவும் இப்படித்தான் பேசுவாங்களா?" என்றார். அங்கே அவர் முன்னால் கையெழுத்துப் போட்டேன். பத்திரம் இதனுடன் இருக்கிறது. பதிவுத் தபாலில் போட்டால் பன்னிரண்டுக்குள் வந்துவிடும் என்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன கடிதத்தில் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. நீ அப்படிப் பேசினதற்கு மறுநாள் அந்த டீச்சர் என்னை பஸ் நிறுத்தத்தில் பார்த்துப் பேசினார். "உங்க அக்கா பேசினதுக்கு என் அண்ணன்தான் கோவிச்சுக்கிட்டார், நான் இல்ல. எனக்குச் சிரிப்புதான் வந்துது, அடக்கிக்கிட்டேன். ஆனா அவ்வளவு நேரமும் நீங்க ஒரு வார்த்தை பேசல. அதான் யோசிக்கிறேன்" என்றார். அடுத்தது நான் பேச வேண்டிய முறை. பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அதற்கு அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுவிட்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். நீ சொன்னது வலித்தது. அது வேறு கணக்கு. ஆனால் கல்யாணம் நின்றது உன்னால் இல்லை.

இங்கே என் அறையில் ஒரு ஜன்னல். திறந்தால் சிமெண்ட் தூசி. ஆறு வருஷமாக மூடியே வைத்திருக்கிறேன்.

போன் நம்பரைப் பத்திரத்தின் பின்னால் பென்சிலில் எழுதியிருக்கிறேன்.

தம்பி

* * *

ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

இன்றைக்கு லீவு போட்டுவிட்டுத் தபால்காரருக்காகக் காத்திருந்தேன். பதினொன்றரைக்கு வந்தார். எதிர்வீட்டுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று. "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். பையை இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். பார்த்தார், பாவம்.

நாலு மணிக்கு வக்கீல் ஆபீஸுக்குப் போனேன். கைப்பையில் இருந்த தாள் கசங்கியிருந்தது. புதுத் தாள் வேண்டாம் என்று சொல்லி அதிலேயே மீதியை எழுதினேன். இந்த வீட்டில் நான் ஒருத்தி மட்டும் குடியிருப்பேன்.

அவள் அடிக்கோலை வைத்து வாசித்தாள். ஒரே வரிதான். வழக்கம்போல நிமிர்ந்து பார்த்தாள். என்ன புரிந்தது என்று கேட்கவில்லை.

உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. உன் பேரை உன்னைக் கேட்காமல் எழுதியது நான்தான். இனித் தொந்தரவு தர மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

* * *

ஏப்ரல் 26

அக்காவுக்கு,

உன் பன்னிரண்டாம் தேதிக் கடிதம் வந்தது. என் பத்திரம் பதினைந்தாம் தேதி உன் கைக்குக் கிடைத்ததாக, உன் கையெழுத்தோடு தபால் அட்டையும் திரும்பி வந்தது. மூன்று நாள் வித்தியாசம். யாரையும் சொல்லிக் குற்றமில்லை.

ஜூனுக்கு அப்புறம் இருக்க மாட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லியிருந்தேன். நேற்றுக் கூப்பிட்டு, "போறது நிச்சயம்தானா? இல்லன்னா இன்னும் மூணு வருஷத்துக்குப் போட்டுடறேன்" என்றார். மே மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒன்று புரியவில்லை. வங்கி கேட்டதால் நீ கூப்பிட்டாயா, கூப்பிட வேண்டும் என்றுதான் கூப்பிட்டாயா. வங்கிக்கு நீ ஒருத்தி என்று எழுதிக் கொடுத்துவிட்டாய். கடன் கிடைத்திருக்கும். இனி நான் எதற்கு என்று தெரியவில்லை. போன் நம்பர் எழுதியிருந்தேன். நீ பேசவில்லை.

கிண்டல் இல்லாமல் பதில் எழுது. ஒரு வரி போதும்.

தம்பி

* * *

மே 9

அன்புள்ள தம்பிக்கு,

கிண்டல் இல்லாமல் எழுதச் சொல்லியிருக்கிறாய். எனக்கு அது கைவராத வேலை. வக்கீல் அம்மாள் எழுதுகிற மாதிரி, நடந்ததை மட்டும் எழுதிப் பார்க்கிறேன்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி பதிவு முடிந்தது. அன்றைக்கே இரண்டு சாவி கொடுத்தார்கள். மே முதல் தேதி குடிவந்தேன். சாமான் எல்லாம் ஒரே நடையில் வந்துவிட்டது. வண்டிக்காரர், "இவ்வளவுதானா?" என்றார். இவ்வளவுதான் என்றேன்.

நீ அனுப்பிய பத்திரத்தை வக்கீல் அம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கையெழுத்தைப் பார்த்தாள், உன் வக்கீலின் முத்திரையைப் பார்த்தாள். "இப்ப இதுக்கு வேலையில்ல, அவர் பேரு வங்கிக் கோப்புல இல்ல" என்றாள். "பின்னால அவர் வந்து குடியிருந்தா என்ன பண்றது?" என்று கேட்டேன். வங்கிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும், புதுப் படிவத்தில் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும், மறுபடியும் நீ தனி வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று வாசித்தாள். என்ன புரிந்தது என்று கேட்டாள். "அவன் வந்தா எல்லாத்தையும் முதல்லேருந்து பண்ணணும்" என்றேன். "சரிதான்" என்றாள். புதுப் படிவம் ஒன்று வாங்கி வந்தேன். அதை இந்தக் கடிதத்தோடு அனுப்பவில்லை. மறுபடியும் பத்திரத்தை அனுப்பிவிட்டு உன்னை அழைக்க எனக்கு மனமில்லை.

உன் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. இரண்டு தடவை எண்களை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். போனில் என் வாய் எனக்கு முன்னால் போய்விடும். காகிதத்தில் அடித்து எழுத இடமிருக்கிறது. மேலே நாலு இடத்தில் அடித்திருக்கிறேன், மை கறுத்துக் கிடக்கிறது பார். அடித்ததைப் படிக்க முயற்சி பண்ணாதே.

டீச்சர் சொன்னதை எழுதியிருந்தாய். அதை மூன்று நாள் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்கு மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அந்தப் பஸ் நிறுத்தத்தில் நீ நின்றது மட்டும்தான் கண்ணில் நிற்கிறது.

நீ கேட்ட ஒரு வரிக்கு வருகிறேன். முதலில் கூப்பிட்டபோது வங்கிக்கும் நீ வேண்டியிருந்தது, எனக்கும் வேண்டியிருந்தது, எது எவ்வளவு என்று எனக்கே தெரியாது. இப்போது தெரியும். வங்கி வேலை முடிந்துவிட்டது. வக்கீல் வேலை முடிந்துவிட்டது. எனக்கு உன் கையெழுத்து எதற்கும் தேவையில்லை. நீ வா.

மேனேஜருக்கு என்ன பதில் சொன்னாலும் எனக்கு எழுது.

அக்கா

பின்குறிப்பு: இந்தக் கடிதம் நேற்றே தபாலில் சேர்ந்திருக்க வேண்டும். தாமதத்துக்குக் காரணம் பின்வருமாறு. நேற்றுக் காலை பத்து மணிக்குப் போர்வை காயப்போடப் பால்கனிக்குப் போனேன். காற்றில் கதவு சாத்தி, உள்தாழ்ப்பாளும் தானாக விழுந்துவிட்டது. அந்தக் கதவு உள்ளேயிருந்துதான் திறக்கும் என்பதை விற்கிறவர்கள் சொல்லவில்லை, பத்திரத்திலும் இல்லை. போன் உள்ளே இருந்தது. எதிர்க் கட்டடத்தில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். பிறகு உள்ளே போய்விட்டார். பன்னிரண்டரை மணிக்குக் கீழ்வீட்டு அம்மாள் என் சத்தத்தைக் கேட்டுப் பூட்டுக்காரரை அழைத்து வந்தார். அவர் வாசல் கதவின் பூட்டைக் கழற்றி, கூடத்தைக் கடந்து வந்து, பால்கனிக் கதவின் தாழ்ப்பாளை ஒரு விரலால் திறந்தார். "வீட்ல வேற யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். போர்வை அதற்குள் காய்ந்திருந்தது. மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.